ரிங்கில் சொந்தக் கையா, சம்பளக் கையா?

ஜனவரி 19, இரவு 9.10 – கொளத்தூர் வாசகரின் கேள்வி

இன்று ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த நாய் கண்காட்சிக்கு என்னுடைய இரண்டு வயது டாபர்மேனை அழைத்துச் சென்று, நடுவர் முன்னால் நாய்களை நடத்திக் காட்டும் களமான ரிங்கில் நானே நடத்தினேன். ஆறு நாய்களில் ஐந்தாம் இடம். எனக்கு முன்னால் நின்ற நால்வரில் மூவர் காசு வாங்கிக்கொண்டு பிறர் நாயைக் காட்டுகிற ஹேண்ட்லர்கள். மாலை வரை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கடைசிச் சுற்றுக்கு வந்த நாய்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தன. நடுவர் நாயைப் பார்க்கிறாரா, வாரைப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்க்கிறாரா? நுழைவுக் கட்டணம் கட்டி வரிசையை நிரப்புவதற்காகத்தான் எங்களைப் போன்றவர்களை அழைக்கிறார்களா? அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஜனவரி 19, இரவு 11.40

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொந்த நாய்களை நானே நடத்திவருகிறேன். ஒரே ஒரு வார இறுதியில் மட்டும் காசு கொடுத்து வேறொருவர் கையில் ஒப்படைத்திருக்கிறேன். அந்த அளவு அனுபவத்தில் எழுதுகிறேன். முகம் பார்க்கும் நடுவரே கிடையாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை. ஆனாலும் உங்கள் ஐந்தாம் இடத்துக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், நடுவருக்குக் கிடைக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நாய்க்குச் சுமார் இரண்டு நிமிடம். அதற்குள் அவர் பல் வரிசையைப் பார்க்க வேண்டும், ஆண் நாயென்றால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், தோளையும் முதுகுக்கோட்டையும் பின்னங்காலின் மடிப்பையும் கையால் உணர வேண்டும், பிறகு நேராகவும் முக்கோணமாகவும் ஓடவிட்டு நடையைப் பார்க்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். டாபர்மேனில் அவற்றை ஒன்றுவிடாமல் எண்ணுகிற நடுவர்களும் உண்டு. தொழில்முறை ஹேண்ட்லர் கொண்டுவரும் நாய் வாயைத் திறந்து காட்டிவிட்டு அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும். நம் வீட்டு நாயோ யாரோ ஒருவர் விரலை உள்ளே விட்டதும் தலையை உதறி, பின்வாங்கி, நம் கால்களுக்கு இடையில் புகுந்துகொள்ளும். அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் நம்முடைய நேரம் பாதி தீர்ந்திருக்கும்; மீதிப் பாதியில் நடுவர் பார்ப்பது பயந்துபோன ஒரு நாயை.

ஒரே நாயை நீங்களும் அவரும் மாறிமாறி நடத்தினால், அவர் கையில் அது இரண்டு இடமாவது முன்னால் வரும் என்பது என் கருத்து.

ஜனவரி 20, காலை 6.25

"இரண்டு இடமாவது" என்று நேற்று இரவு எழுதியிருந்தது எந்தக் கணக்கில் என்று என் மனைவி கேட்டார். கணக்கு எதுவும் கிடையாது. தூக்கக் கலக்கத்தில் எழுதியது. அதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஜனவரி 22, இரவு 10.15

அந்த ஒரு வார இறுதியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன், ஆனால் இதில் எனக்குப் பெருமை சேர்க்கும் பகுதி எதுவும் இல்லை.

மீனு என்று ஒரு மஞ்சள் நிற லாப்ரடார் பெண் நாய் எங்கள் வீட்டில் இருந்தாள். ஏழு கண்காட்சிகளில் நானே அவளை நடத்தினேன். அதிகபட்சம் மூன்றாம் இடம். எட்டாவது கண்காட்சிக்கு, இரண்டு நாட்களிலும் ஒவ்வொரு கண்காட்சியாக நடந்த ஒரு வார இறுதிக்கு, தெரிந்தவர் மூலமாக ஒரு தொழில்முறை ஹேண்ட்லரிடம் பேசினேன். நாளொன்றுக்கு 3,500 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். காலை ஏழு மணிக்கே மீனுவை வாங்கிக்கொண்டு, "சார், நீங்கள் இனிமேல் அவள் கண்ணில் படக் கூடாது. உங்கள் வாசனை காற்றில் வந்தால்கூட அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும்" என்று சொல்லிவிட்டார். நான் மைதானத்தின் ஓரத்தில் ஓர் இளநீர் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். வண்டிக்காரர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "கடன்காரன் யாராவது வந்திருக்கிறானா சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்த வண்டிக்குப் பின்னாலிருந்துதான் என் நாயை முதல் முறையாக வெளியிலிருந்து பார்த்தேன். அதுவரை ரிங்கில் நான் பார்த்ததெல்லாம் அவளுடைய உச்சந்தலையும் முதுகும்தான். பக்கவாட்டில் அவள் எப்படித் தெரிகிறாள் என்பது நடுவருக்குத் தெரியும், சுற்றி நின்ற கூட்டத்துக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அவர் வாரை ஒரு விரலில் மாட்டியிருந்தார். அது தொய்ந்தே கிடந்தது. நான் எப்போதும் அவள் தலை நிமிர்ந்து தெரிய வேண்டும் என்று வாரை இறுக்கி மேலே பிடிப்பேன். அப்படிப் பிடித்ததில் முன்னங்கால்கள் தரையில் முழுதாகப் பாவாமல், அவள் நடை துள்ளுவது போல ஆகியிருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. சென்னை வெயிலில் லாப்ரடார் வாயைப் பிளந்து மூச்சிரைக்கத் தொடங்கினால் முகத்தின் அழகே போய்விடும். அதற்காக அவர் தன் வேனில் கூண்டுக்கு மேல் மின்விசிறியும் ஈரத் துண்டுமாக வைத்திருந்து, எண் அழைக்கப்படுவதற்குச் சற்று முன்னால்தான் அவளை இறக்கினார். நானோ ஏழு முறையும் ஒரு மணி நேரம் முன்பாகவே ரிங் ஓரத்தில் வெயிலில் நிறுத்திவைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கொஞ்சவிட்டேன்.

சனிக்கிழமை இரண்டாம் இடம். ஞாயிறு அன்று அவள் தன் இனத்தில் முதல் நாயாக வந்தாள். இளநீர்க்காரரிடம் மூன்று காய்களுக்குப் பணம் கொடுத்தேன், ஒன்றுதான் குடித்திருந்தேன்.

அதன்பிறகுதான் நான் இன்றுவரை முணுமுணுக்கும் விஷயம் நடந்தது. இனத்தில் வென்ற நாய்கள் அடுத்ததாக, பல இனங்களைச் சேர்த்துத் தொகுத்த குழுச் சுற்றுக்குப் போகும். லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் ஒரே எட்டாம் குழுவில் வருபவை. அந்த ஹேண்ட்லர் அன்றைக்கு ஒரு கோல்டனையும் இனத்தில் ஜெயிக்கவைத்திருந்தார். குழுச் சுற்றுக்கு அழைத்தபோது கோல்டனைத் தானே பிடித்துக்கொண்டு, மீனுவைத் தன் உதவியாளரான ஒரு பையனிடம் கொடுத்துவிட்டார். பதினேழு வயதுகூட இருக்காது. முழுக் கட்டணமும் கட்டிய என் நாய் பையனோடு வரிசையின் நடுவில் நின்றது. கோல்டன் மூன்றாம் இடம் வாங்கியது. மீனுவை நடுவர் தேர்ந்தெடுக்கவில்லை. வேனுக்கு அருகில் போய் நான் குரலை உயர்த்திப் பேசினேன். அவர் பதிலே சொல்லாமல் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 23, மாலை 5.50

மேலே உள்ளதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன் போலிருக்கிறது. கட்டணம் பேசிய அன்றே அந்த ஹேண்ட்லர், "குழுவில் இரண்டு நாய்கள் மோதினால் ஒன்றைப் பையன் எடுப்பான்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். மீனு குழுச் சுற்றுவரை போவாள் என்ற நம்பிக்கையே எனக்கு இல்லாததால், சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துபோனேன். அந்தப் பையனும் மோசமாக நடத்தவில்லை. கோல்டனும் நல்ல நாய். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் மனம் ஆறவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஹேண்ட்லரிடம் நாயைக் கொடுக்கப்போகிறவர்கள் கேட்க வேண்டியது இதுதான்: அன்றைக்கு அவர் கையில் அதே குழுவைச் சேர்ந்த வேறு நாய்கள் எத்தனை, மோதல் வந்தால் யாருடைய நாய்க்கு அவர் கை, யாருடையதற்கு உதவியாளர் கை. குழுவில் வென்றால் கூடுதலாக எவ்வளவு என்பதையும், போக்குவரத்துச் செலவை எத்தனை நாய்க்காரர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதையும் முன்னதாகவே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். கோப்பை யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. கோப்பை உங்களுக்கு, புகைப்படத்தில் நடுவருக்குப் பக்கத்தில் நிற்கும் இடம் அவருக்கு.

ஜனவரி 24, இரவு 9.30

வெளிநாட்டில் எப்படி என்று அடையாறிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிரிட்டனில் நாய் வைத்திருப்பவரே நாயை நடத்துவதுதான் பெருவழக்கு. 1891-இல் தொடங்கிய கிரஃப்ட்ஸ் கண்காட்சியிலேயே ரிங்குக்குள் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டு நாயோடு ஓடுகிறவர்கள். அமெரிக்காவில் கதை வேறு. நியூயார்க்கில் 1877 முதல் நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியின் உச்சப் பரிசு பெரும்பாலும் தொழில்முறைக் கைகளுக்கே போகிறது. 2024-இல் சேஜ் என்ற மினியேச்சர் பூடிலை வெல்லவைத்த காஸ் ஹொசாகா, 2002-இல் ஸ்பைஸ் என்ற இன்னொரு மினியேச்சர் பூடிலோடு அதே பரிசை வாங்கியவர். இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவர் ஒரே வேலையில் இருந்திருக்கிறார். நாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்கிற வேலை அது.

அங்கேயும் உங்களைப் போலவே புலம்பல் எழுந்ததால்தான், சொந்த நாயைத் தானே நடத்துகிறவர்களுக்கென்று அமெரிக்கக் கென்னல் கிளப் தனி வகுப்பும் தனிப் போட்டித் தொடரும் வைத்திருக்கிறது. ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம்: 2022-இல் ட்ரம்பெட் என்ற பிளட்ஹவுண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் வென்றபோது, அதன் வாரைப் பிடித்திருந்த ஹெதர் ஹெல்மர் அந்த நாயின் உரிமையாளர்களில் ஒருவர். சொந்தக் கையும் ஜெயிக்கும்.

ஜனவரி 25, காலை 7.05

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியைத் திருத்த வேண்டும். ஹெதர் ஹெல்மர் ட்ரம்பெட்டின் உரிமையாளர்களில் ஒருவர் என்பதும், வெஸ்ட்மின்ஸ்டரின் உச்சப் பரிசை வென்ற முதல் பிளட்ஹவுண்டு அது என்பதும் சரி. அவரே தொழில்முறை ஹேண்ட்லர் என்பதை மறந்து, அவரை நம் பக்கத்து வரிசையில் உட்காரவைத்துவிட்டேன். பிறர் நாயைக் காசு வாங்கி நடத்தியவரும், அப்படிப்பட்டவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவரும் அமெரிக்காவின் அந்தத் தனி வகுப்பில் இறங்க முடியாது. சொந்த நாயோடு வந்தாலும் விதி அதேதான். ஆகவே, சொந்தக் கை, சம்பளக் கை என்று நான் தலைப்பில் போட்ட பிரிவே ஓட்டை. கை பழகியதா, பழகாததா என்று பிரித்தால்தான் பொருந்தும். தலைப்பை மாற்றப் போவதில்லை, பலர் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டார்கள்.

ஜனவரி 27, இரவு 11.20

கொளத்தூர் நண்பர் எண்ணிச் சொன்ன கணக்கு ஒரு வாரமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடைசிச் சுற்றில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஹேண்ட்லர்களின் நாய்கள். அது பொய்யில்லை, நானும் பல முறை எண்ணியிருக்கிறேன். அந்த எண்ணிக்கையில் சேராத ஒன்றை எனக்குக் காட்டியவர் வேறொரு ஹேண்ட்லர், வயதானவர்.

மீனுவுக்குப் பிறகு நான் வாங்கியது ஒரு சிப்பிப்பாறை ஆண் நாய். நிறத்தால் அவனுக்குச் செவலை என்று பெயர். ஒரு வயது முடிந்ததும், கண்காட்சி முடிந்து கூடாரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், அந்தப் பெரியவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாயைத் தொடவே இல்லை. என்னையே வாகன நிறுத்துமிடத்தின் நீளத்துக்கு இரண்டு முறை ஓடச் சொன்னார். நான் வியர்த்து வந்து நின்றதும் சொன்னார்: "வேண்டாம் தம்பி. தோள் நேராக இருக்கிறது. முன்னங்கால் நீண்டு போய் விழவில்லை, கிட்டேயே குத்துகிறது. வீட்டுக்கு அருமையான நாய். என்னிடம் கொடுத்தால் உங்கள் காசும் போகும், என் பெயரும் போகும்." கட்டணம் எவ்வளவு என்று நான் கேட்டிருக்கவே இல்லை; அதற்கு முன்பாகவே மறுத்துவிட்டார்.

அன்று இரவு கோபத்தோடு படுத்தேன். மறுநாள் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறுகையில்தான் அதன் பொருள் மண்டையில் உறைத்தது. அந்தப் பெரியவர் ஓர் ஆண்டில் எத்தனை நாய்களுக்கு இப்படி "வேண்டாம்" சொல்கிறாரோ, அவை எல்லாம் அவருடைய தோல்விக் கணக்கில் ஏறுவதில்லை. அவை நம்முடைய தோல்விக் கணக்கில் ஏறுகின்றன, ஏனென்றால் அவற்றை நாமே நடத்திக்கொண்டு ரிங்குக்குள் போகிறோம். அவர் கையில் தெரிகிறவை வடிகட்டி எடுத்த நாய்கள். கடைசிச் சுற்றில் அவர்கள் நிறைந்திருப்பதற்குப் பாதிக் காரணம் ரிங்குக்கு வெளியே, பல வாரங்களுக்கு முன்பு, ஏதோ ஒரு வாகன நிறுத்துமிடத்தில் முடிந்துபோன விஷயம். நடுவரின் கண்ணைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதில் பணமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நல்ல வம்சாவளி நாயை வரவழைக்க முடிந்தவரே, அதை ஆண்டு முழுவதும் ஊர் ஊராக அனுப்பவும், மே மாதம் ஊட்டிக் கண்காட்சிக்கு வேனில் ஏற்றவும், ஹேண்ட்லருக்கு மாதாமாதம் கொடுக்கவும் முடிந்தவர். நல்ல நாயும் நல்ல கையும் ஒரே பணப்பையிலிருந்து வருகின்றன. எது எதை ஜெயிக்கவைத்தது என்று வெளியே நிற்கும் நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஜனவரி 28, காலை 6.40

ஜனவரி 19 அன்று நான் எழுதியதையும் இதோடு சேர்த்துப் படித்தால் முரண் தெரியும். அங்கே கைதான் காரணம் என்றேன், நேற்று நாய்தான் காரணம் என்றேன். மீனு என்னிடம் ஏழு முறை தோற்றுவிட்டு, அவரிடம் போன இரண்டாம் நாளே இனத்தில் வென்றதற்குக் கை காரணம். செவலை யாரிடமும் ஜெயிக்க மாட்டான் என்பதற்குத் தோள் காரணம். இரண்டும் உண்மையாக இருக்க எந்தத் தடையும் இல்லை.

பிப்ரவரி 2, மாலை 4.30

நம் ஊர் நாய் இனங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ரிங்குகளில் நிலைமை தலைகீழாக இருக்கும். அங்கே தொழில்முறை ஹேண்ட்லர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்து இரவுப் பேருந்திலோ வாடகை வேனிலோ வந்து இறங்குகிறவர்களே தங்கள் நாய்களை நடத்துவார்கள்; பலர் கையில் கண்காட்சிக்கான மெல்லிய வாரான ஷோ லீட் இருக்காது, தோட்டத்தில் கட்டுகிற சங்கிலியே இருக்கும். இந்த நாய்களுக்கு ஒரு கைதான் பழக்கம். எவ்வளவு தேர்ந்த ஹேண்ட்லராக இருந்தாலும் காலையில் வாங்கி மதியம் நடத்திவிட முடியாது.

ஓர் ஆண்டு செவலையோடு வரிசையில் நின்றபோது, பக்கத்து ரிங்கில் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஒரு ராஜபாளையம் பெண் நாயை நடத்தினார். சுத்த வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, தரையில் பாதம் படுகிறதா என்று சந்தேகம் வருகிற ஓட்டம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றில் ஒன்று ராஜபாளையம். அந்த அஞ்சல்தலையிலிருந்து இறங்கி வந்தது போல இருந்தாள். நடுவர் வாயைப் பார்க்கக் கை நீட்டியதும் பின்வாங்கினாள். நடுவர் பொறுமையாகக் காத்திருந்து, உரிமையாளரையே திறந்து காட்டச் சொன்னார். பெரியவர் உதட்டை விலக்கினார், நடுவர் குனிந்தார், அவள் மறுபடியும் துள்ளி விலகினாள். மூன்றாம் முறைக்குப் பிறகு நடுவர் இரண்டு கைகளையும் விரித்துவிட்டார். தொட்டுப் பார்க்க முடியாத நாய்க்கு அவரால் இடம் கொடுக்க முடியாது.

வெளியே வந்த பெரியவரிடம், லாப்ரடாரோடு காத்திருந்த ஒரு தொழில்முறை ஹேண்ட்லர் கேட்காமலே போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது: "ஐயா, அடுத்த குட்டியை மூன்று மாதத்திலிருந்தே ஊரில் டீக்கடைக்குக் கொண்டுபோங்கள். வருகிறவர் எல்லாரும் வாயைத் திறந்து பார்க்கட்டும், ஆளுக்கு ஒரு பிஸ்கட் உங்கள் செலவு." பெரியவர் கேட்டுக்கொண்டார். "அப்புறம் காவலுக்கு யார்?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். ஹேண்ட்லரிடம் அதற்குப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

பிப்ரவரி 3, இரவு 8.15

ரிங்கில் நாயின் கவனத்தைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் ஈரல் பற்றிக் கேட்ட நண்பருக்கு: கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, நீரை வடித்து, குறைந்த தீயில் தோசைக்கல்லில் உலர்த்திச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் போடாதீர்கள். ஒரு முறை கண்காட்சி முடிந்து அப்படியே மின்சார ரயிலில் ஏறி, கோடம்பாக்கத்திலிருந்து வீடுவரை நான்கு தெருநாய்கள் ஊர்வலமாகப் பின்தொடர வந்து சேர்ந்தேன். என் வாழ்க்கையில் மிகச் சிறப்பாக, வாரே இல்லாமல் நான் நடத்திய நாய்கள் அவைதான்.

பிப்ரவரி 4, காலை 6.10

எங்கே பழக்குவது என்ற கேள்விக்கு. பெசன்ட் நகர் கடற்கரை வேண்டாம். மணலில் பாதம் புதைவதால் நாய் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், ரிங்கிலும் அதே நடை வந்துவிடும். மொட்டை மாடி எட்டு மணிக்கு மேல் பாதத்தைச் சுடும். எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்தில்தான் நான் பழக்குகிறேன், பால்காரர் வருவதற்கு முன்பாக. ஒரு தூணில் கைபேசியைச் சாய்த்துவைத்துப் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். நான் இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டதை அது 3,500 ரூபாய் வாங்காமலே காட்டிவிடும்.

பிப்ரவரி 9, இரவு 10.50

கொளத்தூர் நண்பர் இன்று மறுபடியும் இறங்கினார். நான் நாய் இல்லாமல் பார்வையாளனாகப் போயிருந்தேன். ஐந்து நாய்களில் மூன்றாம் இடம். அவர் அனுமதியோடு நான் பார்த்ததை எழுதுகிறேன். வாரை உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். நாய் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் அவர் தோளும் சேர்ந்து திரும்பியது. நடுவர் முன்னால் நின்ற நாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மற்ற ஹேண்ட்லர்கள் நாயைத் தளர்த்தி, நிழலில் நிறுத்தி, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். இவர் அந்த எட்டு நிமிடமும் நாயை விறைப்பாக நிறுத்திவைத்திருந்தார். தன் முறை வந்தபோது அது களைத்துக் காதைத் தொங்கவிட்டுவிட்டது. வரிசையில் நிற்கும் எல்லா நேரமும் காட்ட வேண்டிய நேரம் இல்லை என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் ஏழு கண்காட்சிகள்வரை யாரும் சொல்லவில்லை. ஆனால் நாய் வாயைத் திறந்து காட்டியது, ஒரே முயற்சியில். மூன்று வாரமாக அவருடைய தெருக்காரர்கள் எல்லாரும் அதன் பல்லை எண்ணியிருக்கிறார்களாம்.

முகம் பார்ப்பது பற்றியும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே இருந்தேன். காலையில் ஒரு நடுவர் ஒரு பிரபலமான ஹேண்ட்லரோடு தேநீர் குடித்துக்கொண்டு சிரித்துப் பேசினார். சரிதான், முடிவு தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அந்த ஹேண்ட்லரின் நாயை நான்காவதாகப் போட்டார். மதியம் வேறொரு ரிங்கில், முக்கோணத்தின் இரண்டாம் பக்கத்தில் ஓட்டத்தைத் தவறவிட்டு ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைத்து நடந்த ஒரு நாய், நன்கு தெரிந்த கையில் இருந்தது, முதலாவதாக வந்தது. அருகில் நின்ற இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு என்னால் எந்த விளக்கமும் கொடுக்க முடியவில்லை.

பிப்ரவரி 10, காலை 6.30

நேற்றைய கடைசி வரிகளைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். அந்த நாய் தவறிய விநாடியில் நடுவர் தன் ரிங் உதவியாளரான ஸ்டூவர்டிடம் ஏதோ கேட்கத் திரும்பியிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஹேண்ட்லரும் நடுவரின் தலை திரும்பும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியில்தான் நாயைத் திருத்தி மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். நாம் நாயைப் பார்க்கிறோம், அல்லது பயத்தில் நடுவரையே பார்க்கிறோம். அவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். இது நேர்மையா என்று கேட்டால், ஸ்டூவர்ட் பக்கம் நடுவர் திரும்பியது ஹேண்ட்லரின் குற்றம் இல்லை. என்றாலும் அந்த முதல் இடத்தை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 10, இரவு 9.00

தன் டாபர்மேனை அடுத்த முறை ஹேண்ட்லரிடம் கொடுத்துவிடலாமா என்று கொளத்தூர் நண்பர் தனியாகக் கேட்டார், இங்கேயே பதில் எழுதச் சொன்னார். கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். முதலில் அந்த வயதான ஹேண்ட்லரிடம் கூட்டிப்போய் ஓடிக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காசு மிச்சம், பிறகு நீங்களே ஆசை தீர நடத்தலாம். அவர் சரி என்றால் உங்கள் நாய் நல்ல நாய், அதன்பிறகு யார் கை என்பதை நாம் பேசலாம்.

அதற்கு முன்னால் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுங்கள். நாய்க்குச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், பசி இருந்தால்தான் பாடம் ஏறும். செருப்போடு ஓட முடியாது, ஷூ போட்டு வாருங்கள். ஈரல் நான் எடுத்துவருகிறேன், டப்பாவில்.